லா கிளாப் வெள்ளை ஒயின்: சாப்பாடு இல்லாம இத தொறக்காதீங்க

தென் பிரான்ஸ் வெள்ளை ஒயின் வாங்கலாம்னு கடைக்குப் போனா கை தானா பிக்பூல் பாட்டில் பக்கம் தான் போகும், பச்சைக் கலர்ல ஒல்லியா உயரமா நிக்கும், விலையும் கம்மி, யார் வீட்டுக்கு எடுத்துட்டுப் போனாலும் குறை சொல்ல மாட்டாங்க. அதே ரேக்குல ரெண்டு அடி தள்ளி லா கிளாப்னு ஒண்ணு நிக்கும், பாதி பேர் கண்டுக்கவே மாட்டாங்க, இந்த ரிவ்யூ அதுக்குத் தான். குறிப்பா ஷாட்டோ தாங்கிளெஸ்னு ஒரு தோட்டக்காரங்க போடுற கிளாசிக் வெள்ளை, நாலு வகை திராட்சை கலந்தது, துலூஸ்ல எங்க வீட்டு ஃப்ரிட்ஜ்ல இப்ப பால் பாக்கெட்ட விட இது தான் ரெகுலரா இருக்கு. தீர்ப்ப முதல்லயே சொல்லிடறேன், காசுக்கு மேலயே குடுக்குற ஒயின், ஆனா வெறும் வாயில குடிச்சா "ம், பரவால்ல" அப்படின்னு தான் தோணும், ஐஸ் மாதிரி குளிர வச்சா அதுவும் தோணாது, தட்டுல பூண்டும் எண்ணெயும் மீனும் வந்ததுக்கு அப்புறம் தான் இதோட உண்மையான முகம் தெரியும்.

முதல்ல இடத்தப் பத்தி கொஞ்சம், ஏன்னா ருசிக்கும் அதுக்கும் நேரடி சம்பந்தம் இருக்கு. நார்போன் ஊருக்கும் மத்தியதரைக் கடலுக்கும் நடுவுல ஒரு சுண்ணாம்புக்கல் குன்று, அது தான் லா கிளாப். உசரம்னு பாத்தா ஒண்ணும் பெருசில்ல, உச்சியே 214 மீட்டர் தான், ஆனா சுத்தி எல்லாம் தட்டையான காயலும் கடலுமா இருக்கறதால பெருசா தெரியும். ரோமர்கள் காலத்துல இது தீவு, அப்புறம் ஓத் ஆறு நூத்தாண்டு கணக்கா வண்டல கொண்டு வந்து கொட்டி கொட்டி நிலத்தோட ஒட்டிடுச்சு. மேல ஏறினா பைன் மரம், ரோஸ்மேரி, தைம், வெள்ளைப் பாறை, அதுக்கு நடுவுல அங்கங்க திராட்சைத் தோட்டம். மழை கம்மி, வெயில் ஜாஸ்தி, வடமேற்குல இருந்து சேர்ஸ்னு ஒரு காத்து அடிக்கும் பாருங்க, கார் கதவ தொறந்தா கையோட பிச்சுட்டுப் போயிடும், ஊர்க்காரங்க அத திட்டிக்கிட்டே தான் கொண்டாடுவாங்க, காரணம் அந்தக் காத்து இலையில ஈரம் நிக்க விடாது, பூஞ்சை நோய் குறையும், மருந்து அடிக்கறதும் குறையும். கடல் பக்கத்துல இருந்து வர காத்து வேற, அது பேரு மாரின், ஈரமா உப்பா வரும், கோடையில கொடி வாடாம காப்பாத்துறது அது தான்.

இப்ப திராட்சை. லா கிளாப் வெள்ளைக்கு தலைவன் பூர்புலாங்னு ஒரு ரகம், உள்ளூர்ல பழைய ஆளுங்க மல்வாஸின்னு சொல்வாங்க. வேற ஊர்கள்ல இத துணை நடிகரா தான் வச்சிருப்பாங்க, ஷாட்டோநெஃப் தூ பாப்னு பேர் போன ஒயின் ஊர்ல அனுமதிச்ச ரகங்கள்ல இதுவும் ஒண்ணு, ஆனா அங்க பேரு வாங்கறது மத்தவங்க. இங்க மட்டும் தான் ஹீரோ. தோல் தடிப்பு, லேட்டா தான் பழுக்கும், அவ்வளவு வெயில்லயும் புளிப்ப விட்டுக்குடுக்காது, அது தான் இதோட பெரிய பலம், சூடான ஊர்ல வெள்ளை ஒயின் பண்றதுல இருக்குற முக்கியமான தலைவலியே புளிப்பு செத்துப்போறது தான். அவசரப்பட்டு பறிச்சா மட்டும் தண்ணியா சப்புன்னு இருக்கும். கூட கிரெனாஷ் பிளாங், இது சாம்பாருக்குப் பருப்பு மாதிரி, தனியா தெரியாது ஆனா கெட்டித்தனம் அதுல இருந்து தான் வருது, ஆல்கஹாலும் அதுல இருந்து தான். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா மார்சானும் ரூசானும், முதலாவது பாதாம் வாசனையும் கொழகொழப்பும் குடுக்கும், ரெண்டாவது பேரிக்காய், மூலிகை டீ அந்த மாதிரி வாசனை. ரூசான் வளக்கறது கஷ்டம், சாம்பல் நோய் சீக்கிரம் புடிக்கும், லேட்டா பழுக்கும், ஆனாலும் வாசனைக்காக விட மாட்டாங்க.

தாங்கிளெஸ வாங்கி உருவாக்கினவரு எரிக் ஃபாப்ர, இவரு போர்தோல ஷாட்டோ லாஃபிட் ரோத்ஷீல்ட்னு உலகப் புகழ் ஒயின் தோட்டத்துல டெக்னிக்கல் டைரக்டரா இருந்தவரு, அங்க இருந்து கிளம்பி இந்தக் காத்தும் கல்லும் உள்ள குன்றுக்கு வந்து செட்டில் ஆயிட்டாரு. அப்படி ஒரு ஆளு வராருன்னா இந்த மண்ணுல ஏதோ இருக்குன்னு தான அர்த்தம்.

சரி கிளாஸுக்கு வருவோம். கலர் வெளிர் மஞ்சள், ஓரத்துல லேசா பச்சை ஓடும். ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்த உடனே மூக்க வச்சீங்கன்னா எலுமிச்சைத் தோல் வாசனை மட்டும் லேசா வரும், அவ்வளவு தான், கதவ சாத்திட்டு உக்காந்திருக்கும். இருவது நிமிஷம் கழிச்சு அதே கிளாஸ எடுங்க, பச்சை பாதாம், சோம்பு, வெள்ளைப் பூ ஏதோ ஒண்ணு, அதுக்குப் பின்னாடி பேரிக்காய். வாயில முதல்ல உருண்டையா எண்ணெய்ப் பசையோட வரும், கிரெனாஷும் மார்சானும் பண்ற வேலை அது, அடுத்த செகண்டே பூர்புலாங் புளிப்பு குறுக்க வந்து நிமித்திடும், கடைசியில உப்பு. நெஜமாவே உப்பு, நாக்கு ஓரத்துல நிக்கும். முழுங்கினதுக்கு அப்புறம் பாதாம் தோல் கடிச்ச மாதிரி சின்னதா ஒரு கசப்பு இருக்கும், சில பேருக்கு அது புடிக்காது, வீட்டுல எங்க அக்கா ஒரு வாய் குடிச்சுட்டு "என்னடி இது கடைசியில கசக்குது"ன்னு கிளாஸ தள்ளி வச்சுட்டா, அதே அக்கா தான் பூரீட்னு பூண்டு போட்ட மீன் குழம்பு வந்ததும் "அந்த கசக்குற ஒயின இன்னும் கொஞ்சம் ஊத்துடி"ன்னு கேட்டா. என்னைக் கேட்டா அந்தக் கசப்பு தான் சாப்பாட்டோட சேரும்போது வேலை செய்யுது, கொழுப்ப வழிச்சு எடுத்துட்டு அடுத்த வாய்க்கு நாக்க ரெடி பண்ணிடும்.

குளிர் விஷயத்துல நான் கொஞ்சம் பிடிவாதம். 10ல இருந்து 12 டிகிரி, அதுக்குக் கீழ வேண்டாம். நடைமுறையில என்னன்னா ஃப்ரிட்ஜ்ல இருந்து சாப்பிடறதுக்கு அரை மணி நேரம் முன்னாடி எடுத்து மேசையில வச்சுடுங்க, முடிஞ்சா ஒரு ஜக்குல ஊத்தி வைங்க, வெள்ளை ஒயின ஜக்குல ஊத்தறதான்னு சிரிப்பாங்க, சிரிக்கட்டும். கடற்கரை ஓரத்துல ஒரு ரெஸ்டாரன்ட்ல லா கிளாப் ஆர்டர் பண்ணா ஐஸ் பக்கெட்ல கழுத்து வரைக்கும் முக்கி கொண்டு வந்தாங்க, வெளிய எடுத்து வைங்கன்னு கேட்டதுக்கு சர்வர் "வெள்ளை ஒயின் மேடம், வெயில் காலம்"னு எனக்கே பாடம் எடுத்துட்டுப் போனாரு, முதல் ரெண்டு கிளாஸ் பச்சைத் தண்ணி, மெயின் டிஷ் முடிஞ்சு தட்ட எடுக்கும்போது தான் ஒயின் முழிச்சுக்கிச்சு. முப்பது யூரோ பில்லுல அது ஒரு வயித்தெரிச்சல்.

இனி சாப்பாடு, இது தான் நான் எழுத வந்ததே.

சிப்பியில ஆரம்பிப்போம், ஏன்னா இங்க எல்லாரும் அங்க தான் ஆரம்பிப்பாங்க. தோ காயல்ல பூஸிக் ஊர்ச் சிப்பி, நார்போன் பக்கம் லூக்காத், க்ருயிசான் எல்லாம் சிப்பிக்குப் பேர் போன ஊர்கள். பூஸிக்ல வளக்கற விதமே தனி, மத்தியதரைக் கடல்ல அலை ஏத்த இறக்கம் கிட்டத்தட்ட கிடையாது, அதனால குட்டிச் சிப்பிய சிமெண்ட் வச்சு கயித்துல ஒட்டி, ஒரு மட்டத்துக்கு மூணு மூணா, தண்ணிக்குள்ள தொங்க விட்டுடுவாங்க, எந்நேரமும் தண்ணியிலயே இருந்து தின்னுக்கிட்டே இருக்கறதால சீக்கிரம் வளந்துடும், இப்ப சில பேர் சோலார் மோட்டார் வச்சு கயித்த மேல தூக்கி இறக்கி செயற்கையா அலை காட்டறாங்க. வாங்கும்போது நம்பர் கவனிங்க, நம்பர் கூடக் கூட சைஸ் சின்னது. பச்சையா எலுமிச்சை பிழிஞ்சு சாப்பிடற சின்ன சிப்பிக்கு, உண்மைய சொல்லிடறேன், பிக்பூல் தான் பெட்டர். அது மெல்லிசா கூர்மையா வெட்டிட்டுப் போகும், லா கிளாப் அங்க கொஞ்சம் கனம். ஆனா பெரிய நம்பர் 2 சிப்பிய ஓட்டோட அடுப்புல வச்சு மேல வெண்ணெயும் பூண்டும் ரொட்டித் தூளும் போட்டு சுட்டு எடுத்தா கதை மாறிடும், பிக்பூல் அங்க காணாமப் போயிடும், லா கிளாப் நின்னு ஆடும்.

ஆனா இந்த ஒயினுக்குன்னே செஞ்ச மாதிரி ஒரு சாப்பாடு இருக்குன்னா அது பூரீட். சேட் துறைமுக ஊர் ஸ்டைல்ல பண்ணா லோத்னு ஒரு மீன், முள்ளே இல்லாம நடு எலும்பு மட்டும் இருக்கும், வெள்ளைச் சதை, கிட்டத்தட்ட நண்டுச் சதை மாதிரி கெட்டியா இருக்கும். லீக், கேரட், கீரைத்தண்டு இதெல்லாம் பொடியா நறுக்கி வதக்கி, அதுல மீன மெதுவா வேக வச்சு எடுத்துட்டு, அடுப்ப அணைச்சுட்டு, அந்தச் சாறுல அயோலிய கரைக்கணும். அயோலின்னா பூண்டும் முட்டை மஞ்சக்கருவும் ஆலிவ் எண்ணெயும் உரல்ல அரைச்சு அரைச்சு கெட்டியாக்கினது. அடுப்பு எரியும்போது கலந்தீங்கன்னா மஞ்சக்கரு திரிஞ்சு சாறு புட்டுப் புட்டா பிரிஞ்சிடும், அதனால ஒரு கரண்டி சூடு சாற முதல்ல அயோலியில ஊத்தி இளக்கி, அப்புறம் மொத்தத்தையும் சட்டியில சேத்து மரக்கரண்டியால சுத்திக்கிட்டே இருந்தா ரெண்டு நிமிஷத்துல பாலாடை கலர்ல வழுவழுன்னு ஆயிடும், கரண்டிய தூக்கிப் பாத்தா பின்பக்கம் ஒரு படலமா ஒட்டி நிக்கும், அது தான் பதம். பூண்டு மூக்குல ஏறும், எண்ணெய் நாக்குல படியும், மீன் இனிப்பா இருக்கும், ஒரு சாதாரண வெள்ளை ஒயின ஊத்துனா அந்தப் பூண்டு அத அடிச்சு தூக்கிப் போட்டுடும். லா கிளாப்ல இருக்கற கனம் அயோலிக்கு ஈடு குடுக்கும், புளிப்பு எண்ணெய வெட்டும், கடைசி உப்பு மீனோட போய் ஒட்டிக்கும். ரொட்டியால சட்டிய வழிக்கற வரைக்கும் ரெண்டும் சண்ட போடாம போகும்.

க்ருயிசான் பக்கம் இதையே காயல் விலாங்கு மீன்ல உருளைக்கிழங்கு போட்டு காரமா பண்ணுவாங்க, அதுவும் ஜோர், விலாங்கு கொழுப்பு ஜாஸ்தி, ஒயின் இன்னும் நல்லா வேலை செய்யும். அதே குடும்பத்துல கணவா ரூய்னு ஒண்ணு, கணவாய துண்டு போட்டு தக்காளி வெள்ளை ஒயின்ல வேக வச்சு கடைசியில அயோலி கலக்கறது, இங்கயும் லா கிளாப் தாராளமா போகும். தியெல் மட்டும் எனக்கு சந்தேகம், அது சேட் ஊர் பேய்க்கணவாய் பை, தக்காளியும் மிளகாயும் போட்டு ஆரஞ்சுக் கலர்ல எண்ணெய் வடிய இருக்கும், இத்தாலியில இருந்து வந்த மீனவர்கள் கொண்டு வந்த பலகாரம், நம்ம நாக்குக்கு ரொம்பப் புடிக்கும், ஆனா அந்தத் தக்காளிப் புளிப்புக்கு ரோஸே ஒயின் தான் சரியா வருது.

ப்ராண்டாட் பத்தி சொல்லாம விட்டா பாவம். நீம் ஊர் அயிட்டம், வேடிக்கை என்னன்னா நீம் கடலோரமே இல்ல, மீனும் அங்கத்து மீன் இல்ல. வடக்கு அட்லாண்டிக்ல காட் மீன் புடிக்கறவங்களுக்கு உப்பு தேவைப்பட்டுச்சு, இங்க உப்பளம் இருந்துச்சு, உப்புக்கு பதில் மீன்னு கைமாறினதுல வந்த பலகாரம்னு சொல்றாங்க. காட் கருவாட்ட ஒரு நாள் பூரா தண்ணி மாத்தி மாத்தி ஊற வச்சு, அவிச்சு, ஆலிவ் எண்ணெயும் பாலும் மாத்தி மாத்தி ஊத்தி மசிச்சு எடுப்பாங்க, உருளைக்கிழங்கு சேக்கலாமா கூடாதாங்கறதுல இன்னைக்கும் ஊர்ல சண்ட நடக்கும், சுத்தக்காரங்க கூடாதுன்னுவாங்க. சூடா ரொட்டி மேல தடவி, கூட லூக் ஆலிவ், பிறை மாதிரி வளைஞ்சு பச்சையா வெண்ணெய் மாதிரி இருக்கும் பாருங்க அது, ஒரு கிளாஸ் லா கிளாப், இந்த மூணும் சேந்தா சாயங்காலத்துக்கு வேற எதுவும் சமைக்க வேண்டாம்.

சோம்புத் தண்டு வச்சு சுட்ட லூங்கற கடல் மீன், ரோஸ்ட் சிக்கன், க்ரீம் போட்ட காளான் எல்லாம் கண்ண மூடிட்டு சேக்கலாம், அதிகம் சொல்ல ஒண்ணுமில்ல. மீனும் கறியும் வேண்டாம்னா பெலார்தோன் இருக்கு, செவென் மலை ஆட்டுப்பால் சீஸ், உள்ளங்கையில பாதி சைஸ்ல வட்டமா இருக்கும், அத ரொட்டியில வச்சு லேசா சூடு காட்டி மேல ரெண்டு சொட்டு தேன் விட்டு சாப்பிட்டா ரூசான் வாசனை தனியா எழுந்து வரும். சீஸுக்கு சிவப்பு ஒயின் தான்னு யாரோ கிளப்பி விட்டது, ஆட்டு சீஸுக்கு வெள்ளை தான் சரி.

சேராதது: வினிகர் ஊத்தின சாலட், மாட்டுக்கறி ஸ்டேக், எந்த இனிப்பும். கசூலே வேண்டவே வேண்டாம், அந்த பீன்ஸும் வாத்தும் பன்னியும் கலந்த குண்டாவுக்கு சிவப்பு இல்லாம முடியாது.

நம்ம சமையலோட எப்படின்னு கேப்பீங்க, அதனால சுருக்கமா. தேங்காப்பால் ஊத்தின இறால் சொதி, மிளகாய் கம்மியா இருந்தா, அருமையா சேருது, மார்சான் கொழகொழப்பும் தேங்காப்பாலும் ஒண்ணுக்கொண்ணு சொந்தம். நெத்திலி வறுவலும் ஓகே, உப்புக்கு உப்பு. புளிக்குழம்பு, காரக்குழம்பு பக்கம் கொண்டு போகாதீங்க, மிளகாயும் 13 சதவீத ஆல்கஹாலும் சேந்தா நாக்கு எரியறத தவிர வேற எதுவும் தெரியாது.

விலை கடைக்கு கடை மாறும், பத்துக்கும் பதினஞ்சு யூரோவுக்கும் நடுவுல பாத்துக்கோங்க, செப்டம்பர்ல சூப்பர்மார்க்கெட் ஒயின் திருவிழா நடக்கும்போது கண்ணு வச்சா இன்னும் கொஞ்சம் கம்மியா மாட்டும். இதே காசுக்கு பர்கண்டி பக்கம் போனா லேபிளுக்கு தான் காசு குடுக்கணும். இந்த ஏரியா பேரு பெருசா ஏறாததுக்கு பழைய காரணம் இருக்கு, லாங்தொக்னா, அதான் லா கிளாப் இருக்கற இந்த தென் பிரான்ஸ் பகுதி, லாரி லாரியா மலிவு ஒயின்னு தான் நூறு வருஷமா பேரு. 1907ல ஒயின் விலை அடியோட விழுந்து, சக்கரைத் தண்ணி கலந்த போலி ஒயின் வேற சந்தைய நாசம் பண்ணி, விவசாயிங்க லட்சக்கணக்குல தெருவுக்கு வந்தாங்க, நார்போன்ல ராணுவம் சுட்டு ஆட்கள் செத்தாங்க, அந்த ஊர் மேயர் ஃபெருல கூட அரெஸ்ட் பண்ணாங்க. அப்படிப்பட்ட மண்ணுல லா கிளாப்புக்கு தனி ஆப்பெலாசியோன், அதாவது ஊர் பேர லேபிள்ல போட்டுக்கற அரசு அங்கீகாரம், கிடைச்சதே 2015ல தான், அதுக்கு முன்னாடி லாங்தொக்ங்கற பெரிய பேருக்குள்ள ஒரு உட்பேரா தான் இருந்துச்சு. விலை இன்னும் ஏறாம இருக்கறது நமக்கு லாபம்.

நேர்ல போறவங்க காலையில நார்போன் மார்க்கெட்டுக்கு போங்க, 1901ல தொறந்த இரும்புக் கூடாரம், ரோபின் கால்வாய் ஓரத்துல, உள்ள ஒரு சாப்பாட்டுக் கடைக்காரர் மெகாஃபோன்ல ஆர்டர் கத்துவாரு, எதிர்க்கடை கசாப்புக்காரர் கறிய பேப்பர்ல சுத்தி தலைக்கு மேல தூக்கி எறிவாரு, இவரு கேட்ச் புடிப்பாரு, அது மாட்டுக்கறி சமாச்சாரம், நம்ம ஒயினுக்கு ஆகாது, ஆனா பாக்கணும். அங்கயே மீன் கடையில சுட்ட கணவாயும் சிப்பியும் கிடைக்கும், கூட ஒரு கிளாஸ் லா கிளாப் கேளுங்க. அப்புறம் குன்று மேல ஏறினா தோட்டத்துக்கு தோட்டம் டேஸ்டிங் இருக்கு. நெக்லி தோட்டத்து பிரீஸ் மரீன் இன்னும் மெலிசா கடல் வாசனையோட இருக்கும், முன்னாள் ரக்பி ஆட்டக்காரர் ஜெரார் பெர்த்ரானோட ஓஸ்பிதாலே பக்கம் போனா மரப்பீப்பாய் வாசனையோட கொஞ்சம் ராஜ தோரணையில இருக்கும், விலையும் அதே தோரணை. காரோட்டறவங்க வாயில வச்சு துப்பிடுங்க, அதுக்குன்னே பாத்திரம் வச்சிருப்பாங்க, யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க, இங்க லிமிட் ரத்தத்துல லிட்டருக்கு 0.5 கிராம், புது லைசென்ஸ்காரங்களுக்கு 0.2 தான்.

ரெண்டு பாட்டில் வாங்கினா ஒண்ண இருட்டா குளிர்ச்சியா ஒரு மூலையில மூணு நாலு வருஷம் படுக்க வைங்க, தேன், மெழுகு, வறுத்த கொட்டை வாசனை எல்லாம் வர ஆரம்பிக்கும், அப்ப சிப்பியெல்லாம் வேண்டாம், சிக்கனும் காளானும் தான். தொறந்த பாட்டில்ல மிச்சம் இருந்தா கார்க்க போட்டு ஃப்ரிட்ஜ்ல வைங்க, ரெண்டாவது நாள் இன்னும் நல்லாவே இருக்கும். மூணாவது நாள் ஆச்சுன்னா குடிக்காதீங்க, வெங்காயமும் பூண்டும் வதக்கி ஒரு கிலோ மட்டிய கொட்டி அந்த ஒயின மேல ஊத்தி மூடி போட்டுடுங்க, அஞ்சு நிமிஷத்துல வாய் தொறந்துடும், தொறக்காதத மட்டும் தூக்கிப் போட்டுடுங்க.